அது ரப்பர் பேண்ட் தடம் இல்லை

சாம்பியன் ரீப்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள அமலாவுக்கு,

மனோகர் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீ சுகமா என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அப்படி ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. முதல் வரியிலேயே பொய்யை எழுதிவிட்டு மீதிக் கடிதத்தை எப்படி எழுதுவது? அதனால் வேறு மாதிரி ஆரம்பிக்கிறேன். கயல் இப்போது நன்றாக இருக்கிறாள். கதவோரம் உட்கார்ந்து உன் பழைய துப்பட்டா ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். சாப்பிட்டாள், தூங்கினாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

முந்தாநாள் வீடியோ காலில் அவள் மணிக்கட்டைப் பார்த்து, என்ன அங்கே சிவப்பாக இருக்கிறது என்று கேட்டாய். தலைக்குப் போடும் ரப்பர் பேண்டை இறுக்கமாக மாட்டிக்கொண்டாள் என்றேன். நீயும் நம்பிவிட்டாய். அது ரப்பர் பேண்ட் தடம் இல்லை, அமலா. ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிய தடம். இரண்டு கையிலும் இருந்தது. நீ பார்த்தது ஒரு கை. இன்னொரு கையை நான் போர்வைக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபப்படுவாய். வாரத்துக்கு ஒரு நாள், நீ பார்த்துக்கொள்ளும் அந்த மஸ்கட் வீட்டுக் கிழவியம்மா தூங்கும் இருபது நிமிஷம்தான் உனக்குக் கிடைக்கிறது. நான் சொல்லியிருந்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் கத்துவேன், இரண்டையும் கயல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பாள். அதிகம் பேச வராதே தவிர, அவளுக்கு எல்லாம் புரிகிறது. அவளை வைத்துக்கொண்டே, அவளுக்கு ஒன்றும் புரியாது என்று பதினான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோமே, நம்மை எதால் அடிப்பது? சரி, நம்மை இல்லை, என்னை. நீ அப்படிச் சொன்னதில்லை. உன்னோடு படித்த மமதாவின் தம்பி அடுத்த வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். இதை ஒட்டி அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

போன வாரச் சனிக்கிழமையிலிருந்தே அவள் சரியாக இல்லை. சோற்றை வாயில் வைத்துத் துப்பினாள். இடது கன்னத்தில் தானே பளார் பளாரென்று அறைந்துகொண்டாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உன்னைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுத் தங்கம்மா அத்தை, வயசுக்கு வந்த பொண்ணு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அதையும் நம்பினேன். அடிச்சிக்காதே, அடிச்சிக்காதே என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமை என் கையும் ஓங்கிவிட்டது. அடித்தேன். கையில்தான் அடித்தேன், ஆனால் அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பின்லைன் வீட்டு வரிசையில் யாருக்கோ காதுகுத்து. மைக் செட்காரன் பெட்டியை நம் சுவரைப் பார்த்து வைத்துவிட்டான். முதல் பாட்டு போட்டதும் கயல் வீறிட்டாள் பார், நான் அடுப்பிலிருந்த பாலை அப்படியே விட்டு ஓடினேன். சுவரில் தலையை மோதுகிறாள். திரையைக் கிழிக்கிறாள். பிடிக்கப் போன என் முன்கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்த இடம் இன்னும் கன்றிப்போய்த்தான் இருக்கிறது, அதில் எனக்கு வருத்தமில்லை. பயந்துபோய் நானும் கத்திவிட்டேன். நம் லைனில் ஒருத்தன் கத்தினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

வீட்டுக்கு ஒரு ஆள். அதுதானே நம் லைன் சட்டம். தங்கச் சுரங்கம் ஓடிய நாளில் ஷாஃப்டில் விபத்துச் சங்கு ஊதினால், யார் வீட்டு ஆள் என்று கேட்காமல் லைனே ஓடுமாம். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, சங்கு மட்டும் இன்னும் எங்கள் தலைக்குள் ஊதிக்கொண்டிருக்கிறது. யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் வீட்டுக்கு ஒரு ஆள் கூடப் போயே ஆக வேண்டும், போகாதவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கயல் பிறந்தபோது பதினெட்டு பேர் வந்து நின்றதைப் பார்த்து, இது பிரசவமா கட்சிக் கூட்டமா என்று அந்த டாக்டரம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது.

இந்த முறை பதினோரு பேர். என் ஆட்டோவும் எங்கள் ஸ்டாண்டு எல்வின் ஆட்டோவும். நடுவில் கயல். ஒரு பக்கம் வேலு மாமா, மறுபக்கம் தங்கம்மா அத்தை, இரண்டு பேரும் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். பிடிக்கப் பிடிக்க அவள் திமிறினாள். ஒருத்தர் கையில் திருநீறு, ஒருத்தர் கையில் எலுமிச்சம்பழம், இன்னொருத்தர் பிளாஸ்க்கில் காபி. யாரையும் குறை சொல்லவில்லை. அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு வந்தவர்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். மமதாவின் தம்பி வழியில் பிரித்துப் படித்தால் எனக்கு வேறு வம்பு வேண்டாம். அவசரப் பிரிவில் ஒரே ஒரு டாக்டர். விநாயக் என்று பேர், ஹூப்ளி பக்கத்துப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டார். பதினோரு பேரும் மூன்று பாஷையில் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஒருத்தர் ஃபிட்ஸ் என்றார், ஒருத்தர் காத்துக் கருப்பு என்றார், ஒருத்தர் இவள் எப்போதும் இப்படித்தான் என்றார். நான் அப்பன், நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. விழுந்திருந்தால் மட்டும் என்ன? கடிக்கிறாள் சார், கடிக்கிறாள் சார் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று சொன்னேனா? கன்னத்தில் அறைந்துகொள்கிறாள் என்று சொன்னேனா? இல்லை.

மேலே ஒரு டியூப் லைட் அணைந்து அணைந்து எரிந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு மெஷின் கீங் கீங் என்று கத்தியது. எனக்கே தலை வலித்தது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? நாலு பேர் சேர்ந்து கட்டிலில் அழுத்தினார்கள். காலால் உதைத்தாள், ஊசித் தட்டு பறந்து போய் வாட்ச்மேன் மேல் விழுந்தது. டாக்டருக்கு முகமெல்லாம் வியர்வை. கட்டிவிடட்டுமா என்று என்னைக் கேட்டார். கேட்டது டாக்டர். "கட்டுங்க சார்" என்று சொன்னது நான்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தாள். வெள்ளைக் கட்டுத்துணியைச் சுருளோடு கொண்டுவந்து இரண்டு கையையும் கட்டில் கம்பியில் கட்டினார்கள். ஒரு முடிச்சை வாட்ச்மேன் போட்டான். இன்னொன்று நழுவியது, அதை இழுத்துப் பிடித்தது நான். அவள் கத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் கத்த ஆரம்பித்தாள்.

ஊசி போட்டார்கள். அடங்கவில்லை, இன்னும் அதிகமாயிற்று. சில பிள்ளைகளுக்கு அந்த மருந்து நேர் எதிராக வேலை செய்யுமாம், பிற்பாடுதான் தெரிந்தது. டாக்டர் இரண்டாவது ஊசிக்குச் சொல்லிவிட்டு, பெங்களூருக்கு அனுப்பச் சீட்டு எழுத உட்கார்ந்துவிட்டார். மனநல ஆஸ்பத்திரிக்கு. ஆம்புலன்ஸில், கட்டின கை கட்டினபடி, அத்தனை தூரம். சீட்டின் தலையில் இங்கிலீஷில் வயலண்ட் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அந்த இங்கிலீஷ் எனக்குப் படிக்கத் தெரியும்.

அப்போதுதான் மேல் வார்டிலிருந்து ஏதோ மருந்து கேட்டு ஒரு சிஸ்டர் இறங்கி வந்தார். பியூலா என்று பேர், நம் வயசுதான் இருக்கும், பக்கத்து ஊரிகம் ஆள். கட்டிலைப் பார்த்தார், எங்கள் பதினோரு பேரையும் பார்த்தார். டாக்டரிடம் போய், பத்து நிமிஷம் கொடுங்கள் சார், அடுத்த ஊசி அப்புறம் பார்க்கலாம் என்று கேட்டார். அந்தப் பையனுக்கும் யாராவது அப்படிக் கேட்க மாட்டார்களா என்றிருந்திருக்கும், உடனே தலையாட்டினார். பிறகு என்னிடம் வந்து, "இவங்க எல்லாரும் வெளிய போனாத்தான் நான் கிட்ட போவேண்ணா" என்றார். குரலை ஏற்றவே இல்லை.

யார் போவார்கள்? வேலு மாமா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறந்த அன்றைக்கே தூக்கின பிள்ளை, நான் எதுக்கு வெளியே போகணும் என்று கேட்டார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் எல்லோரையும் கும்பிட்டுக் கேட்டேன். நகரவில்லை. எனக்கு எங்கிருந்து வந்ததோ, போங்க வெளிய என்று கத்தி, வேலு மாமாவின் தோளில் கைவைத்துத் தள்ளிவிட்டேன். நம் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்த மனுஷனை. தங்கம்மா அத்தை பிளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டு நடந்தார்கள். பின்னாலேயே எல்லோரும்.

சிஸ்டர் முதலில் அந்த டியூப் லைட்டை அணைத்தார். மெஷின் சத்தத்தைக் குறைத்தார். வாட்ச்மேனை வாசலுக்கு அனுப்பினார். ஒரு குட்டை ஸ்டூலை இழுத்து, கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி, கயலின் கண்ணுக்குக் கீழே இருக்கிற மாதிரி உட்கார்ந்தார். தொடவில்லை, பேசவும் இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "கயல், நான் பியூலா. ஒரு கையை மட்டும் இப்போ அவுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன மாதிரியே ஒரு கையை மட்டும் மெதுவாக அவிழ்த்தார். கயல் அடிக்கவில்லை. ஆனால் அழுகை நிற்கவில்லை.

இவளுக்கு என்ன பிடிக்கும் என்று சிஸ்டர் என்னைக் கேட்டார். பிரியாணி என்றேன். சிரிக்காதே, அதுதான் வாயில் வந்தது. வீட்டில் இப்படி ஆனால் என்ன செய்வீர்கள் என்று மாற்றிக் கேட்டார். அவங்கம்மா பாத்துக்குவாங்க என்றேன். அம்மா என்ன செய்வாங்க என்றார். நீ அவளைக் கதவோரம் உட்கார வைத்து எதையோ முணுமுணுப்பாய், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என்ன முணுமுணுக்கிறாய் என்று நான் கேட்டதே இல்லை. நீங்கள் இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்தால் நான் இங்கே டிவி சத்தத்தை ஏற்றுவேன்.

அமலா, உன் மேலும் கோபம்தான். இவ்வளவையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு ஒரு வரி சொல்லாமல் விமானம் ஏறிவிட்டாயே என்று அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு உன்னைத் திட்டினேன். சொல்லாமலா இருந்திருப்பாய்? சொல்லியிருப்பாய். டிவி ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

கடைசியில் ஞாபகம் வந்தது. ஸ்டேஷன் பேர். பெங்களூர் ரயில் நிற்கிற ஸ்டேஷன்களை நீ வரிசையாகச் சொல்வாய். ஆட்டோக்காரனுக்கு ரயில் எதுக்கு, எனக்கு அந்த வரிசை சரியாகத் தெரியாது. தெரிந்ததை ஆரம்பித்தேன். மாரிகுப்பம், சாம்பியன், ஊரிகம், பெமல் நகர். திரும்பவும் மாரிகுப்பம், சாம்பியன், ஊரிகம், பெமல் நகர். மூன்றாவது முறை ஊரிகம் சொன்னதும் கயல் அழுகையை நிறுத்தினாள். "கோரமண்டல்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி சொன்னாள். நான் கோரமண்டலை விட்டுவிட்டேன், அதைத் திருத்துகிறாள். ஆமாம்மா, கோரமண்டல், அப்புறம் பெமல் நகர், அப்புறம் பங்காருபேட்டை என்றேன். தேம்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். டைக்கல், மாலூர் வரைக்கும் ஓட்டினேன், அதற்கு மேல் எனக்குத் தெரியாது. திரும்பவும் மாரிகுப்பத்துக்கே வண்டியைக் கொண்டுவந்தேன். இதற்குள் சிஸ்டர் இன்னொரு கையையும் அவிழ்த்துவிட்டார். அவிழ்ந்த கை எங்கே போயிற்று தெரியுமா? நேராக இடது காதுக்குப் போயிற்று. காதைப் பொத்திக்கொண்டு கன்னத்தில் ஒரு அறை.

சிஸ்டர் பார்த்துவிட்டார். காதைப் பார்த்தீர்களா சார் என்று டாக்டரைக் கேட்டார். அவர் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார், ஒருத்தரும் வலி என்கிற வார்த்தையையே சொல்லவில்லையே. விளக்கு வைத்த அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு வந்தார். சிஸ்டர் தடுத்து, முதலில் அப்பா காதைப் பாருங்கள் என்றார். அவர் கயல் முன்னால் முட்டிபோட்டு, என் காதில் வைத்துப் பார்த்தார். நிறைய அழுக்காம், அதையும் சொன்னார். பிறகு கயல் காது. மூன்று எண்ணும் நேரம்தான் விட்டாள், அது போதும் என்றார். உள்ளே சவ்வு சிவந்து, சீழ் கட்டிப் புடைத்துக்கொண்டு நிற்கிறதாம். பெரிய ஆம்பளைக்கே தாங்காத வலி என்றார்.

மூன்று நாள், அமலா. மூன்று நாள் அவள் வலிக்கிற இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தாள். நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன், அடித்தேன், கடைசியில் கட்டினேன்.

வலி மருந்தைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் தூங்கிவிட்டாள். பெங்களூர் போகவில்லை. நாலு மணிக்கு வீடு வந்தாயிற்று. காதுக்கு மருந்து ஓடுகிறது, அதனால்தான் முதலிலேயே நன்றாக இருக்கிறாள் என்று எழுதினேன். அந்த டாக்டரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். கிளம்பும்போது அவரே வந்தார். அரைகுறைத் தமிழில், காது நான் பாத்திருக்கணும், தப்புதான் என்றார். முதல் நாள் காலையிலிருந்து டியூட்டியில் அதே சட்டையாம். கேட்க வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. என் வாயிலிருந்து அன்றைக்கு வந்ததும் நல்ல வார்த்தை இல்லையே.

ஆனால் பெங்களூர் போகாவிட்டாலும் அந்தச் சீட்டு அவள் ரெக்கார்டில் ஏறிவிட்டதே. அதில் வயலண்ட் இன்னும் அப்படியே இருக்கிறது. இனிமேல் எதற்குப் போனாலும் முதலில் அந்தச் சீட்டைத்தான் கேட்பார்கள். படித்ததும் ஆள் முகத்தைக்கூடப் பார்க்காமல் கட்டுத்துணியைத்தான் எடுப்பார்கள். அவளை இன்னொரு முறை யாரும் கட்டக் கூடாது. இப்போதைக்கு எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். அதற்காக மூன்று நாள் நடந்துவிட்டேன். ரெக்கார்டு ரூமில் உதய் என்று ஒருத்தன், எழுதினது எழுதினதுதான், அடிக்க முடியாது என்கிறான். டாக்டரைப் பார் என்கிறான், டாக்டருக்கு லீவு. பெரிய டாக்டரைப் பார் என்கிறான், அவர் கோலாரில் மீட்டிங். கன்னடத்தில் மனு எழுதிக்கொண்டு வா என்றான், எழுதிக்கொண்டு போனேன், திங்கட்கிழமை வா என்றான். நேற்று அவன் மேஜையை ஓங்கித் தட்டிக் கத்திவிட்டேன். பேப்பர் எல்லாம் பறந்தது. வாட்ச்மேன் வந்து என்னைத் தோளில் தட்டி, போங்கண்ணா, டீ சாப்டு வாங்க என்று அனுப்பிவைத்தான். பார், நான் கத்தினால் டீ. அவள் கத்தினால் கட்டு.

கயல் கதவோரத்திலிருந்து எழுந்துவிட்டாள். பிறகு எழுதுகிறேன்.

புதன்கிழமை.

இரண்டு நாளாக இதைத் தொடவில்லை. திங்கட்கிழமை திரும்பவும் போனேன், இந்த முறை கத்தவில்லை. டாக்டர் விநாயக் வந்திருந்தார். எழுதியதை அடிக்க அவருக்கும் உரிமை இல்லையாம். ஆனால் அதே சீட்டில் அடியில் எழுதலாமாம். எழுதினார். காது வலியால் ஏற்பட்டது, கூட்டமில்லாமல் ஒரே ஆள் மெதுவாகப் பேசினால் அமைதியாகிறாள், முதலில் வலி இருக்கிறதா என்று பார்க்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலே இருக்கிற வார்த்தை பெரிது, கீழே இருக்கிற எழுத்து பொடி. உதய் அதிலும் முத்திரையைக் கோணலாகக் குத்தினான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வேலு மாமா வீட்டுக்கும் போனேன். ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. லைன் முழுக்க, மனோகருக்கு மனுஷங்க வேண்டாமாம் என்று பேச்சு. தோளில் கைவைத்தது தப்பு என்று காலைத் தொட்டேன். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நாங்க வந்ததே தப்பாடா?" என்று கேட்டார். வந்தது தப்பில்லை மாமா, உள்ளே வந்ததுதான் என்றேன். வெளியே நிற்பதற்கு எதற்கு வரவேண்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த தங்கம்மா அத்தை முறத்தைக் கீழே வைத்தார்கள். என் மேல் அவர்களுக்கும் கோபம்தான், இருந்தும் மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். "சுரங்கத்துல உன் லெவல்ல பாறை விழுந்தப்போ லைனே கேஜ்ல ஏறி கீழ எறங்கிச்சா? எறங்கத் தெரிஞ்சவன் நாலு பேரு எறங்கினான். நாங்க எல்லாம் மேலதான நின்னோம்? நின்னதுக்கு இன்னா கொறைஞ்சி போச்சி?" என்றார்கள். மாமா எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். அப்புறம், ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் நிற்கலாம், அங்கே நிழல் இருக்கிறது என்றார். இனிமேல் கயலுக்கு ஏதாவது ஆனால் லைன் வரும், மரத்தடியில் நிற்கும். உள்ளே ஒரே ஆள்தான் போக வேண்டும்.

அந்த ஒரே ஆளைப் பற்றித்தான் மீதி. இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பியூலா சிஸ்டர் தன் கையாலேயே கோடு போட்டுக் கேள்வி எழுதிக் கொடுத்தது. இதை நிரப்பி அந்தச் சீட்டோடு பின் குத்தி வைத்துவிட்டால், எந்த டாக்டர் வந்தாலும் முதலில் இதைப் படிப்பார்கள் என்றார். படிக்காவிட்டால் படிக்கச் சொல்லிக் கத்துங்கண்ணா, அங்கே கத்தலாம் என்றார். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். பத்தாம் கிளாஸ் கணக்குப் பரீட்சையில்கூட நான் இவ்வளவு வெள்ளையாக விட்டதில்லை.

எந்தச் சத்தம் ஆகாது என்ற இடத்தில் மைக் செட் என்று எழுதினேன். குக்கர் விசில் ஆகுமா ஆகாதா? எது அமைதியாக்கும் என்ற இடத்தில் ஸ்டேஷன் பேர் என்று எழுதி, கோரமண்டலை விடக்கூடாது என்றும் எழுதினேன். பௌர்ணமிக்குப் புத்த விகாரத்துக்குப் போனால் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்வாளே, அங்கே யாரும் அவளைப் பிடித்துப் பிடித்துப் பேசுவதில்லை என்பதால்தான் என்று இப்போது புரிகிறது, அதையும் எழுதியிருக்கிறேன். வலித்தால் எப்படிக் காட்டுவாள் என்ற இடத்தில், காது வலித்தால் கன்னத்தில் அறைவாள். அது மட்டும் எனக்கு இனி மறக்காது. வயிறு வலித்தால்? பல் வலித்தால்? மாத வலிக்கு என்ன செய்வாள்? உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் எழுது. பொடியாக எழுது, இடம் போதாவிட்டால் பின்பக்கம் எழுது. மாலூருக்கு அப்புறம் என்ன ஸ்டேஷன் என்றும் எழுது, தினமும் அங்கேயே வண்டி நின்றுவிடுகிறது, அவள் என் முகத்தையே பார்க்கிறாள்.

கடைசிக் கேள்வி, பக்கத்தில் யார் இருக்க வேண்டும், எத்தனை நிமிஷத்தில் வருவார் என்பது. யோசிக்காமல் அமலா என்று பேனாவால் எழுதிவிட்டேன். நேற்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, இவங்க எத்தனை நிமிஷத்துல வருவாங்கண்ணா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் பேரை அடிக்கவில்லை. அதன் கீழே என் பேரைப் பென்சிலால் எழுதி, ஐந்து நிமிஷம் என்று போட்டிருக்கிறேன். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு அவ்வளவுதான். நீ மீதியை எழுதி அனுப்பு. அத்தனையும் நான் படித்து, செய்து பார்த்து, கயல் ஒத்துக்கொண்டால் அன்றைக்கு அந்தப் பென்சில் மேலே பேனாவால் எழுதுகிறேன். உன் ஒப்பந்தத்தில் இன்னும் பத்து மாதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வா என்று நான் எழுதவில்லை. உன் பேருக்கு நேரே நிமிஷம் போடுகிற இடம் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த வீட்டில் உனக்கு எங்கேயாவது வலித்தால் வாயைத் திறந்து யாரிடமாவது சொல். சொல்ல ஆள் இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை என்னிடம் சொல். டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
கயலின் அப்பா
மனோகர்